நாலு மூலை மஞ்சள்

மலாயா அவசரகாலத்தில் எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தைச் சுற்றிப் போட்ட முள்வேலி இருபது அடி உயரம். எட்டு அடிதான் என்று சாதிக்கிறவர்களும் உண்டு. அவர்கள் எல்லாரும் வேலியை வெளியே நின்று பார்த்தவர்கள். உள்ளே நின்று பார்த்த எனக்கு அது இருபது. மழை நாளில் இருபத்திரண்டு. இப்போது மலாக்காவில் செங் பக்கம் மகன் வீட்டில் கைத்தடியும் பல்செட்டுமாக உட்கார்ந்திருக்கிறேன். வேலியும் போய்விட்டது, தோட்டமும் போய்விட்டது. அளந்து காட்டு என்று என்னை இனி யாரும் இழுத்துக்கொண்டு போக முடியாது.

அலோர்காஜாவுக்கு உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டம் அது. நான் அங்கே ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. வயது இருபத்தாறு, கல்யாணம் ஆகவில்லை, தலையில் முடி இருந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்கு அரிசியும் சேதியும் போய்ச் சேரக்கூடாது என்று சர்க்கார் ஆறு இடத்தில் சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்துக்கு இழுத்து வந்து வேலிக்குள் போட்டது. காலை ஆறு மணிக்குக் கேட் திறக்கும், மாலை ஆறு மணிக்கு மூடும். ரப்பர் பால் வெட்டும் வெட்டுக்காடு நாலு மைல் தள்ளிப் போய்விட்டதால், முன்பு நடந்து போனவர்கள் இப்போது லோரியில் போனார்கள்.

அந்த வேலிக்குள் அடைபட்ட குடும்பத்திலிருந்து ஒருவன் சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் படித்தான் என்றால் நம்புவீர்களா? நான் சொல்வதில் நீங்கள் நம்பத்தக்கது இது ஒன்றுதான், இதை நம்பிவிடுங்கள். வடிவேலு. காளிமுத்து, மீனம்மா இருவருக்கும் ஒரே பிள்ளை. பெற்றவர்கள் இருவரும் பால்வெட்டுத் தொழிலாளிகள். இருவருக்கும் எழுத்து தெரியாது. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், நான் பேனாவும் தாளுமாக அவர்கள் வீட்டுக்குப் போய் மகனுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன்.

காளிமுத்து சொல்வார், நான் எழுதுவேன். அப்படித்தான் ஏற்பாடு. ஆனால் காளிமுத்து சொல்வதை அப்படியே எழுதினால் தபால்தலை வீண்.

"மழைன்னு எழுது, தம்பி. நாலு நாளா வேலை இல்லேன்னு எழுது."

நான் எழுதினேன்: 'இங்கே நாற்பது நாள் மழை. பெரிய கிராணி மேசைமேல் ஏறித் துடுப்புப் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வருகிறார். துரை பங்களாவில் கெண்டை மீன் படியேறி வந்து காலை வணக்கம் சொல்கிறது.'

"அம்மாவுக்கு இருமல்னு எழுது. பயப்பட வேணாம்னும் எழுது."

'உன் அம்மா இருமினால் தம்பின் ஸ்டேஷனில் ரயில் சிக்னல் விழுந்துவிடுகிறது. ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு முறை வந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.'

ஒரு தடவை காளிமுத்து வெட்டுக்காட்டில் ஒரு காட்டுப்பூனையைப் பார்த்திருந்தார். பூனையை நான் பூனையாகவா விட்டுவைப்பேன்? ஒன்பது அடிப் புலி. காளிமுத்து அதை ஒரு பார்வை பார்த்தார். புலி, "தெரியாம வந்திட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிப் போயிற்று.

எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டுவேன். காளிமுத்துக்குச் சத்தமாகச் சிரிக்கத் தெரியாது. வாயை மூடிக்கொண்டு தோள் இரண்டும் குலுங்கக் குலுங்கச் சிரிப்பார். உட்கார்ந்திருக்கும் பலகை கிடுகிடுவென்று ஆடும். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்வார்: "இன்னும் ஒரு புலி போடு, தம்பி."

"ஒரு கடுதாசிக்கு ஒரு புலிதான் அண்ணே. ரெண்டு போட்டா பையன் பயந்து படிப்பை விட்டிட்டு ஓடி வந்திடுவான்."

"வரக்கூடாதுலா! அது மட்டும் கூடாது. பரிட்சை முடியுற வரைக்கும் எது நடந்தாலும் அவன் வரக்கூடாது. நான் செத்தாலும் சொல்லாதீங்க."

"வாயைக் கழுவுங்க" என்று மீனம்மா உள்ளேயிருந்து சத்தம் போடுவாள்.

கடைசியாகத்தான் மீனம்மாவின் வேலை. கடிதம் மூன்று பக்கமோ நாலு பக்கமோ, மேல் தாளை அவளிடம் நீட்டுவேன். கல்யாணப் பத்திரிகைக்கும் சுபச்சேதிக்கும் வைப்பதுபோல, மஞ்சளைக் குழைத்து வலது கட்டைவிரலால் நாலு மூலையிலும் ஒற்றுவாள். பிள்ளைக்கு எழுதும் ஒவ்வொரு கடிதமும் அவளுக்குச் சுபச்சேதிதான். பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிப் பதம் பார்த்தபோது எப்போதோ அறுபட்ட விரல் அது. குறுக்கே ஒரு தழும்பு. அதனால் அவள் ஒற்றிய மஞ்சள், உடைத்த துவரம்பருப்புபோல் இரண்டு பாதியாக விழும்.

"இது எதுக்கு அக்கா? நான் இவ்வளவு எழுதியிருக்கேனே, போதாதா?" என்பேன்.

"நீ எழுதுறது உன் கை, தம்பி. அவரு சொல்றது அவரு வாய். அதுலேயும் பாதியை நீ திருடிடுறே. என்னோடதுன்னு அங்கே என்ன போவுது?"

உண்மையில் வேறு எதுவும் போக முடியாது. ஒரு தீபாவளிக்கு அவள் ஒரு டின் முறுக்கு சுட்டு, காளிமுத்து அதைத் தலையில் வைத்துத் தபாலுக்குக் கொண்டுபோனார். கேட்டில் காவல்காரன் பிடித்துக்கொண்டான். வேலிக்குள்ளிருந்து ஒரு பருக்கைகூட வெளியே போகக்கூடாது, காட்டுக்காரனுக்குப் போய்விடும் என்பது சட்டம்.

"காட்டுக்காரனுக்குப் பல்லு இருந்தா வரச் சொல்லு" என்றார் காளிமுத்து. "என் பொண்டாட்டி முறுக்கை ஒருத்தன் கடிச்சிட்டான்னா, துப்பாக்கியே வேணாம், அவனே சரணடைஞ்சிடுவான்."

முறுக்கு கைதானது. அந்த வீட்டுச் சமையலறையிலிருந்து வேலியைத் தாண்டி சிங்கப்பூர்வரை போனது அந்தத் துளி மஞ்சள் மட்டும்தான்.

வடிவேலுவும் தவறாமல் பதில் போடுவான். விடுதியில் கொடுக்கும் சூப்பில் நீச்சல் பழகலாம் என்று எழுதுவான். என்னிடம் கற்றுக்கொண்ட கெட்ட பழக்கம். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'புலி மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும்.'

ஐம்பத்து மூன்றில் அவனுக்குக் கடைசிப் பரிட்சை. ஒரு வியாழக்கிழமை தொடங்குவதாக எழுதியிருந்தான். காளிமுத்து அந்த நாளை என்னிடம் கேட்டு, வீட்டுக் கதவில் கரியால் கோடு போட்டு வைத்து, ஒவ்வொரு நாளும் ஒரு கோட்டை அழித்துவந்தார்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை காலை, வெட்டுக்காட்டுக்குப் போன லோரி, செம்மண் பாதையின் வளைவில், மழை ஈரத்தில் சறுக்கிக் கவிழ்ந்தது. முப்பது பேர் இருந்தார்கள். கை கால் முறிந்தவர்கள் நாலு பேர். ஓரமாக நின்று வந்தவர் காளிமுத்து. லோரி அவர் பக்கமாகத்தான் சாய்ந்தது.

இதில் கூட்டிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

கதவில் ஏழு கோடு மிச்சம் இருந்தது.

உடலை மத்தியானம் கொண்டுவந்து கிடத்தினார்கள். நான் தந்தி பாரத்தோடு மீனம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அக்கா, வடிவேலுவுக்குத் தந்தி அடிச்சிடுறேன். நாளைக்கு வந்திடுவான். அதுவரைக்கும் வச்சிருக்கலாம்."

அழுதுகொண்டிருந்தவள் நிறுத்தினாள். "வேணாம்."

"ஒரே பிள்ளை அக்கா. கொள்ளிக்குடம் யார் தூக்குறது?"

"கொள்ளிக்குடம் யாரு வேணும்னாலும் தூக்கலாம், தம்பி. பரிட்சையை அவன் மட்டும்தான் எழுத முடியும்." பிறகு என் கையிலிருந்த பாரத்தை வாங்கி நாலாக மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தாள். "அவரு சொன்னது நீயும் கேட்டேதானே? அவரு வாயிலேருந்து வந்ததையெல்லாம் இத்தனை நாளா எழுதினவன் நீ. நீயே தூக்கு."

நான் தூக்கினேன். சுற்றி வரும்போது குடத்தில் மூன்று துளை போட்டார்கள். தண்ணீர் என் முதுகில் வழிந்தது. அது வடிவேலுவின் முதுகு என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

பூவும் பொட்டும் கருமாதிவரை இருக்கட்டும் என்று பெண்கள் சொன்னார்கள். மீனம்மா கேட்கவில்லை. அன்று சாயங்காலமே நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

நாலாம் நாள் ஞாயிறு. கடிதம் எழுதும் நாள். கடிதம் வரவில்லை என்றால் பையன் கவலைப்படுவான், கவலைப்பட்டால் படிக்கமாட்டான். எழுதித்தான் ஆகவேண்டும் என்று அவளே ஆள் அனுப்பினாள். வீட்டு மூலையில் ஒரு விளக்கு, ஒரு செம்பில் தண்ணீர், பக்கத்தில் காளிமுத்துவின் தொப்பி. அவர் உட்காரும் பலகையில் யாரும் உட்காரவில்லை. நான் தரையில் உட்கார்ந்து எழுதினேன்.

என் வாழ்நாளில் அப்படிப் பொய் எழுதியதில்லை. காளிமுத்து பெருத்துவிட்டார், கதவில் பக்கவாட்டாகத்தான் நுழைகிறார் என்று எழுதினேன். வடிவேலு பரிட்சைக்குப் போகும் நாளில் புலி மாமா முனீஸ்வரனுக்கு மொட்டை போட்டுக்கொள்வதாக வேண்டியிருக்கிறார் என்று எழுதினேன். முன்பு எழுதியவை பொய்யே இல்லை, விளையாட்டு. பொய் எது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

படித்துக் காட்டினேன். பலகை ஆடவில்லை.

தாளை மீனம்மாவிடம் நீட்டினேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எழவு வீட்டிலே மஞ்சளா? அதுவும் என் கையாலயா?"

"அக்கா, மஞ்சள் இல்லாமே போனா அவனுக்குத் தெரிஞ்சிடும்."

"தெரியும்தான். ஆனா தொட மாட்டேன் தம்பி. பிள்ளை பரிட்சைக்குப் போற நேரத்திலே தாலியத்தவ மஞ்சள் வச்சு அனுப்புறதா? அவனுக்கு ஏதாவது ஆயிடும்." விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். "நீயே வச்சிடு. குடம் தூக்கினாலும் நீ இந்த வீட்டு ரத்தம் இல்லே, உனக்குத் தீட்டில்லே."

நான் என் அறைக்குப் போய், மஞ்சள்தூளைக் குழைத்து, என் கட்டைவிரலால் நாலு மூலையிலும் ஒற்றினேன். அழகாக விழுந்தது. முழு நிலவுபோல் நாலு வட்டம். கிராணி விரல்; பேனாவைத் தவிர வேறு எதையும் பிடித்ததில்லை. ஒரு கீறல் கிடையாது. நான் அதைப் பார்த்துத் திருப்திப்பட்டேன் என்பதை இத்தனை வருஷம் கழித்தும் மறைக்க முடியவில்லை. மறுநாள் காலைத் தபாலில் போட்டேன்.

வியாழக்கிழமை வந்தது. பரிட்சை நாள். காலையில் மீனம்மா கடைசிக் கோட்டை அழித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். பிற்பகல் நாலு மணி இருக்கும், கேட்டிலிருந்து ஆபீசுக்கு ஆள் வந்தது. "கிராணி ஐயா, ஒரு ஆளு ஐசி காட்டுறான். படத்திலே முடி இருக்கு, ஆளுக்கு முடி இல்லே. முனியாண்டி உள்ளே விடமாட்டேங்கிறான்."

முனியாண்டி அதற்கு முந்தின மாதம்தான் மாற்றலாகி வந்த காவல்காரன். நான் போனபோது அவன் அடையாளக் கார்டைத் தலைகீழாகப் பிடித்து, வெளியே நின்றவனையும் அதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். "பாருங்க ஐயா, இவனா அவன்? படத்திலே சுருட்டை முடி, மீசை வேற. இது கோழி முட்டை கணக்கா இருக்கு. காட்டிலேருந்து வந்தவனா இருந்தா நான்தானே பதில் சொல்லணும்?"

கம்பிக்கு அந்தப் பக்கம் வடிவேலு. தலை, மீசை எல்லாம் வழித்து, கண் சிவந்து, கையில் ஒரு துணிப்பை.

அவன் என்னைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மாவை எங்கே புதைச்சீங்க, அண்ணே?"

எனக்கு உடனே புரியவில்லை. "என்னடா சொல்றே?"

"மறைக்காதீங்க. நேத்துக் காலையிலே கடுதாசி வந்திச்சு. மஞ்சள் வேற யாரோ விரல். அம்மா விரல் இல்லே. அம்மா இருந்தா வேற யாரு வைப்பா? நீங்க அப்பா கதவிலே நுழைய முடியலே அது இதுன்னு எழுதியிருக்கீங்க, நான் அதை நம்புவேன்னு நினைச்சீங்களா?" அவன் கம்பியை உலுக்கினான். "எத்தனை நாளாச்சு அண்ணே?"

முந்தைய நாள் கடிதம் கைக்கு வரும்போது காலை ரயில் போயிருந்தது. தலைமுழுகி, முடியிறக்கி, வியாழக்கிழமை காலை பரிட்சை மண்டபத்துக்குப் போகவேண்டிய நேரத்தில் ரயிலடிக்குப் போயிருக்கிறான். தம்பினில் இறங்கி, பஸ் பிடித்து, கடைசி மூன்று மைல் நடந்து வந்திருக்கிறான்.

நாற்பது நாள் மழையையும் ஒன்பது அடிப் புலியையும் மூச்சுவிடாமல் எழுதிய என் வாயில் வந்தது இவ்வளவுதான்:

"உங்கம்மா உயிரோடதான் இருக்கு, வடிவேலு. வீட்டிலே இருக்கு."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் சிரித்தான். காளிமுத்துவைப்போல் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க. முனியாண்டி கேட்டைத் திறந்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். வேலையிலிருந்து திரும்பியவர்கள் எல்லாரும் வழியில் நின்றுவிட்டார்கள். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. கேட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்கு இருநூறு அடி. இதை நான் பிறகு கயிறு வைத்து அளந்தேன். ஒரு அடி கூட்டவில்லை. நான் பின்னாலேயே ஓடியிருக்கலாம். நிறுத்திச் சொல்லியிருக்கலாம். அந்த இருநூறு அடியை அவனிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. கோழைத்தனம் என்று சொன்னாலும் சரி.

"அம்மா! அம்மா!" என்று கத்திக்கொண்டே ஓடினான். நான் பையை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மீனம்மா வாசலுக்கு வந்திருந்தாள். மகனைப் பார்த்தாள். அவன் தலையைப் பார்த்தாள். தனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு கையாலும் அந்த வழித்த தலையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"யாருடா உனக்குச் சொன்னது? அப்பாவுக்காக மொட்டை போட்டுக்கிட்டு வந்திட்டியா, என் ராசா?"

அவன் சிரிப்பு அவன் முகத்திலேயே நின்றது. அவள் நெற்றியைப் பார்த்தான். அவள் தோளுக்கு மேலே உள்ளே எரிந்த விளக்கைப் பார்த்தான். தொப்பியைப் பார்த்தான்.

"இல்லேம்மா" என்றான். "உனக்கு."

இருவரும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு முனியம்மா ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தவள் அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள்.

வெகுநேரம் கழித்து மீனம்மா கேட்டாள். "பரிட்சை?"

"இன்னிக்குக் காலையிலே."

"அடுத்தது?"

"நாளைக்குக் காலையிலே ஒண்ணு."

மணி ஆறாகப் போகிறது. கேட் மூடும் நேரம். ரயில் மறுநாள்தான். யாரும் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதவில் கரிக்கோடு அழித்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

மீனம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை, இருந்திருந்தால் தேவலை. "என்ன எழுதினே, தம்பி?"

வடிவேலு சட்டைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து அவள் மடியில் விரித்தான். நாலு முழு வட்டம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அதைப் படித்துவிட்டாள். என் கையை இழுத்து, கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"மழமழன்னு இருக்கே" என்றாள். "எனக்குத் தெரியாம போச்சே."

அவனுடைய பையில் மூன்று வருஷத்துக் கடிதங்கள் இருந்தன. கட்டிய நாடா அவிழாமல் இருந்தது. "நீங்க எழுதினதை ஒரு தடவை படிப்பேன் அண்ணே, சிரிப்பேன்" என்றான் மறுநாள். "அப்புறம் மூலையைப் பார்ப்பேன். உங்க எழுத்திலே எது நெசம், எது புலின்னு எனக்கு எப்படித் தெரியும்? அதுதான் நெசம்."

பதினாறாம் நாள் காரியத்தை அவனே செய்தான். மொட்டைக்கு நாவிதனை மறுபடியும் தேட வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ஆபீஸ் டைப்ரைட்டரில் பல்கலைக்கழகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்தேன். இவன் தந்தை இறந்தார். நான் மறைத்தேன். தவறு என்னுடையது. மூன்றே வரி. என் கையிலிருந்து போன கடிதங்களில் புலி, மழை, மீன் எதுவும் இல்லாத முதல் கடிதம் அதுதான். அடுத்த வருஷம் வந்து எழுதலாம் என்று பதில் வந்தது. அந்த ஒரு வருஷமும் வடிவேலு என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து செக்ரோலில் ஆட்களின் தினக்கூலிக் கணக்கு எழுதினான். என்மேல் வருத்தம் என்று ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

அடுத்த வருஷம் வந்தபோது அவன் போகமாட்டேன் என்றான்.

"அங்கே உட்கார்ந்துகிட்டு நான் எதை நம்புறது அண்ணே? அம்மா இனிமே மஞ்சள் தொடாது. ஒவ்வொரு கடுதாசியும் பிரிக்கும்போது எனக்கு என்ன தோணும்?"

மீனம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் சம்பள நாள். வரிசையில் வந்து, கைநாட்டு வைக்கிற ஊதா மை டப்பாவில் வலது கட்டைவிரலை அழுத்தி, என் சம்பளப் புத்தகத்தில் வைத்தாள். பிறகு பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க முணுமுணுக்க, மறுபடி மையில் அழுத்தி, வடிவேலுவின் மேசையில் கிடந்த வெறுந்தாளில் நாலு மூலையிலும் ஒற்றினாள். உடைத்த துவரம்பருப்பு. ஊதா நிறத்தில்.

"இது யாரு விரல்?" என்றாள் மகனிடம்.

அவன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"உங்கப்பா கோடு போட்டாரே, அது எதுக்கு? நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இது வரும். இது வராட்டி நான் இல்லே. பொறப்படு."

அந்த மை டப்பா மூன்று வருஷமும் என் மேசையில்தான் இருந்தது. நான் மஞ்சள் வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது. ஊதா விரல் போயிருந்தாலும் வீட்டில் எழவு என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் சரியான ஆளுக்காக அழுதிருப்பான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வடிவேலு போனான். கேட்டில் முனியாண்டி கார்டையும் முகத்தையும் பார்த்து, "இப்ப சரியா இருக்குலா" என்று சல்யூட் அடித்து அனுப்பினான். கொஞ்ச நாளில் எங்கள் பக்கத்திலும் கெடுபிடி தளர்ந்தது. மீனம்மா ஒரு டின் முறுக்கு சுட்டாள். கேட்டில் யாரும் டின்னைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதைச் சொல்லிச் சிரிப்பதற்குத்தான் ஆள் இல்லை.

நான் கடிதம் எழுதினேன். 'உன் அம்மா நலம். மழை இரண்டு நாள். முறுக்கு அனுப்பியிருக்கிறோம்.' எழுதியது எல்லாம் உண்மை. மீனம்மா ஊதா விரலை ஒற்றினாள்.

பதில் வந்தது. முறுக்கு வந்து சேர்ந்தது, இன்னும் கடித்து முடியவில்லை என்று எழுதியிருந்தான். கடைசி வரி: 'அண்ணே, புலி மாமா எங்கே?'

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை மீனம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பிறகு தாளை எடுத்து எழுதத் தொடங்கினேன். 'நேற்று வெட்டுக்காட்டில்' என்றுவரை வந்தது. பேனா நின்றுவிட்டது. எதிரே அந்தப் பலகை காலியாகக் கிடந்தது.

மீனம்மா சுவரோடு சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போடு தம்பி" என்றாள். "அவரு இருந்தா ரெண்டு கேட்டிருப்பாரு."

நான் ஒரு புலி போட்டேன். மிகச் சின்னப் புலி, நாலு அடிகூட இருக்காது. அது வெட்டுக்காட்டு வழியாக வந்து, லயத்துப் பக்கம் எட்டிப் பார்த்து, யாரையோ தேடிவிட்டுத் திரும்பிப் போயிற்று. உரக்கப் படித்தேன். மீனம்மா சிரிக்கவில்லை. மை டப்பாவைத் தன் பக்கம் இழுத்தாள். நாலு மூலையிலும் ஒற்றினாள். பிறகு, எந்த வரியில் புலி இருக்கிறது என்று என்னைக் கேட்டு, அதன் பக்கத்திலும் ஒன்று வைத்தாள்.